ஐந்து மீட்டர் கயிறு

தை மாதம். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் நெல் முற்றிச் சாய்ந்து நிற்கிறது. வயலின் தென்மேற்கு மூலையில் நிற்கும் களப்பணியாளர் தாளில் உள்ள தற்செயல் எண்ணைப் பார்த்து அடியெடுத்து வைக்கிறார். வரப்போரமாக இத்தனை அடி, பிறகு உள்ளே இத்தனை அடி. எண் நிறுத்திய இடத்தில்தான் முளை அடிக்க வேண்டும். பக்கத்தில் கதிர் திரட்சியாக இருக்கிறதே என்று நகரக் கூடாது, இங்கே புகையான் விழுந்திருக்கிறதே என்று ஒதுங்கவும் கூடாது. கயிறு கட்டி ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம் பிடித்து, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்துத் தூற்றி எடை போடுகிறார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது இதுதான்.

நல்ல விளைச்சலில் அந்தச் சதுரம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ தரும். அதை 400ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல். தராசில் ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 400 கிலோ பிசகும்.

இந்த விளைச்சல் எண் சென்னைக்கும் டெல்லிக்கும் போவதற்கு முன்பே ஊருக்குள் வேலையைக் காட்டிவிடுகிறது. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டப்படி, முக்கியப் பயிருக்குக் கிராம அளவில் குறைந்தது 4 பரிசோதனைகள். மகசூல் இழப்புக்குப் பணம் உண்டா, இல்லையா என்பதை பெரும்பாலும் அந்தச் சதுரங்களின் சராசரிதான் முடிவு செய்கிறது. ஒப்பிடும் அளவுகோலோ முந்தைய 7 ஆண்டுகளில் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியிலிருந்து வருகிறது. ஆக, ஒரு வருடம் கூட்டி எழுதிய கணக்கு பல வருடம் விவசாயியின் கூடவே வரும்.

மதுரைச் சீமைக்குக் கணக்கு புதிதல்ல. பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோக நிலம் 45,041 ஏக்கர் என்று கடைசி ஏக்கர் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் இந்தப் பசலி ஆண்டில் நெல் எவ்வளவு, வாழை எவ்வளவு, மனைக்கல் ஊன்றியது எவ்வளவு? அதைச் சொல்ல வேண்டியது அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேடு. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்த பிறகு அது கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பு. சான்றிதழ், பட்டா, தேர்தல், வெள்ள நிவாரணம் என்று எல்லாம் அவர் தலையில்தான். சி. ரங்கராஜன் தலைமையிலான தேசியப் புள்ளியியல் ஆணையம் 2001இல் தந்த அறிக்கை, நாடெங்கும் கிராமக் கணக்கருக்கு வேலைப்பளு கூடி, வயலைப் பார்த்துப் பதியும் பணி பின்னுக்குப் போய்விட்டதை எடுத்துச் சொன்னது.

அந்த அறிக்கைக்குப் பின் பணமும் வந்தது. மாநிலப் புள்ளியியல் துறைகளை வலுப்படுத்த 2010இல் சுமார் 650 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வந்தது. பெரும்பகுதி உலக வங்கிக் கடன், 10.7 கோடி டாலர். கட்டடம், கணினி, பயிற்சி எல்லாம் தேவையானவைதான். ஆனால் திட்டப் பணம் ஒரு நாள் தீர்ந்துவிடும், அறுவடையோ ஆண்டுதோறும் வரும். கதிர் அறுக்க ஆள் கூலி, தராசு, வண்டிச் செலவு, நிரப்பப்பட்ட களப்பணியிடம்: புள்ளிவிவரத்தின் உயிர் இந்தச் சில்லறைச் செலவுகளில்தான் இருக்கிறது. அடிக்கல் நாட்ட முடியாத செலவு என்பதால் இவற்றுக்கு யாரும் ஆசையோடு நிதி ஒதுக்குவதில்லை.

உலக அளவிலும் இதே கதைதான். வளரும் நாடுகளுக்குப் போகும் உதவியில் புள்ளியியலுக்குக் கிடைப்பது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை; அந்த ஒரு பங்கிலும் மூன்றில் ஒன்றளவுதான் என்று புள்ளியியல் வளர்ச்சிக்கான பாரிஸ்21 அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. 1984 முதல் சுமார் 90 நாடுகளில் குழந்தை இறப்பையும் ஊட்டச்சத்தையும் கணக்கெடுத்துவந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் அமெரிக்க நிதியை நம்பியிருந்தது. 2025 பிப்ரவரியில் அந்த நிதி நிறுத்தப்பட்டதும் நடந்துகொண்டிருந்த ஆய்வுகள் பாதியில் நின்றன.

மறுபடி நம் வயலுக்கு வருவோம். 2024 நவம்பரில் தமிழ்நாட்டில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியோடு வயலில் இறக்கப்பட்டார்கள். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்பதைக் கைப்பேசியில் எடுத்த படம் சொல்லிவிடும். எத்தனை கிலோ என்பதற்குக் கயிறும் அரிவாளும்தான். அறுத்த அன்று நெல்லில் ஈரம் இருக்கும். கொஞ்சம் நெல்லை எடுத்துப் போய்க் காயவைத்து மறுபடி எடை போட்டால்தான் கணக்கு முழுமையாகும். அந்த இரண்டாவது எடைக்கும் ஒரு ஆள் வேண்டும், அவருக்கு அன்றைய படி வேண்டும்.