``நல்லா இருக்கே, வித்தா என்ன?'' - தூத்துக்குடி சித்தியின் கேக் நோட்டு!

வீட்டில் கேக் செய்யப் பழகுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. முதல் இரண்டு கேக்குக்கு அது வராது. நான்காவதோ ஐந்தாவதோ பஞ்சு மாதிரி எழும்பி, மேலே க்ரீமும் ஓரளவு சமமாக நின்றுவிட்டால் போதும். பக்கத்து வீட்டு அக்காவோ, கணவரின் ஆபீஸ் நண்பரோ வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிடுவார்கள். ``நல்லா இருக்கே, வித்தா என்ன?''

பாராட்டுதான், சந்தேகமில்லை. ஆனால், பழகும் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கும் முன்பே அதை வியாபாரமாக்கச் சொல்லும் கேள்வியும் அதுதான். தூத்துக்குடியில் இருக்கும் என் சித்தி, இதற்குப் பதில் சொல்ல ஒன்றேகால் வருஷம் எடுத்துக்கொண்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டால், ``ஏட்டி, பரீட்சைக்குப் படிச்சுட்டு இருக்கும்போதே சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா எப்படி?'' என்கிறார்.

2023 ஜூனில் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனதும் வீடு வெறிச்சென்றாகிவிட்டது. சித்தப்பா துறைமுகம் பக்கம் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவர். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். வீட்டில் சித்தியும் அவர் மாமியாரும் மட்டும். சித்தியின் மாமியாரை எங்களுக்கெல்லாம் ஆச்சி என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். ஆச்சி முட்டை சாப்பிட மாட்டார். அதனால் சித்தி கற்றுக்கொண்ட முதல் கேக்கே முட்டையில்லாத கேக். எளிதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பார்களே, இது நேர் எதிர். முட்டை இருந்தால் மாவைப் பிடித்து நிறுத்துவது, காற்றைத் தாங்குவது, எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பது என மூன்று வேலையை அது ஒன்றே பார்த்துவிடும். முட்டை இல்லையென்றால் தயிர், ஆப்ப சோடா, கண்டென்ஸ்டு மில்க் என்று ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதல் கேக் பழைய குக்கரில். அடியில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்ட் வைத்து, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, சிறு தீயில் முக்கால் மணி நேரம். உப்பளங்கள் சூழ்ந்த ஊர், உப்புக்கா பஞ்சம்? தீ நேராக டின்னில் படாமல் உப்பு அந்தச் சூட்டை வாங்கி மெதுவாகக் கொடுக்கும். குக்கருக்கு இது நல்லதல்ல. சமைக்கிற குக்கரில் செய்யாமல், ஒதுக்கிவைத்த பழையதில் செய்வதே சரி.

வந்தது கேக் இல்லை. வெளியே வெந்து, நடுவில் குழிந்து, உள்ளே பிசுபிசுவென்று ஒன்று. சித்தப்பா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, ``களி நல்லாருக்கு'' என்றாராம்.

ஒரு கப் என்பது எவ்வளவு?

சித்தியின் நோட்டு அன்றுதான் தொடங்கியது. மகள் பாதி எழுதி விட்டுப்போன கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கம். பொருத்தமான நோட்டுதான்!

அதில் முதலில் கண்டுபிடித்தது, அளவில் இருந்த கோளாறு. மைதாவைச் சலித்து, கரண்டியால் அள்ளிப்போட்டு நிரப்பினால் ஒரு கப் சுமார் 120 கிராம். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராமைத் தாண்டுகிறது. இரண்டு கப்பில் 60 கிராம் வித்தியாசம். சாம்பாரில் பருப்பு ஒரு கை கூடினால் கூட்டம் கூடினால் ஆச்சு என்று விட்டுவிடலாம்; கேக் விடாது. கண்ணளவிலேயே 25 வருஷம் சமைத்த கைக்கு, தராசு வாங்கியது கொஞ்சம் மானப் பிரச்னையாகவே இருந்ததாம்.

அடுத்தது சோடா. ஆப்ப சோடா, தயிரின் புளிப்போடு சேர்ந்த நொடியே குமிழ் விட ஆரம்பிக்கிறது. மாவைக் கரைத்துவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தால், எழும்ப வேண்டிய காற்றெல்லாம் பாத்திரத்திலேயே போய்விடும். முதலில் சூடு தயாராக இருக்க வேண்டும், அதற்குப் பிறகே ஈரமும் மாவும் சேர வேண்டும். சித்தி செய்தது நேர்மாறு. சோடாவை அதிகம் போட்டால் நன்றாக எழும்பும் என்பதும் தப்பு. வேகமாக எழும்பி, தாங்க முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிடும். சோப்பு மாதிரி ஒரு ருசியும் வரும்.

நான்காவது கேக்கில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தபோது மாவு ஒட்டாமல் வந்தது. அன்று சித்தி எனக்கு அனுப்பிய போட்டோவில் கேக் இல்லை, குச்சி மட்டும் இருந்தது.

பிறந்த தேதி இல்லாத பிறந்தநாள்

அந்த வருஷம் ஆயுத பூஜை தள்ளுபடியில் ஒரு ஓடிஜி வந்தது. சீட்டுப் பணம். நவம்பரில், ஐப்பசி முடிவதற்குள், அதில் ஆச்சிக்கு ஒரு பிறந்தநாள் கேக் செய்துவிட வேண்டும் என்று சித்தி தீர்மானித்தார். சிக்கல் என்னவென்றால், ஆச்சிக்குப் பிறந்த தேதி தெரியாது. ஐப்பசி, உத்திராடம், அடைமழை. அவ்வளவுதான் தெரியும். ஆதார் அட்டையில் அந்தத் தலைமுறையில் நிறைய பேருக்கு இருப்பதுபோல ஜனவரி 1. வயது எழுபத்தைந்திலிருந்து எண்பதுக்குள் எதுவாகவும் இருக்கலாம். ஆக, கேக்கில் எண் மெழுகுவத்தி வைக்க வழியில்லை. பெயரைத்தான் எழுத வேண்டும்.

தமிழில் எழுதுவது என்று முடிவானது. க்ரீம் பையைப் பிடித்து ஆங்கிலத்தில் வாழ்த்து எழுத ஏகப்பட்ட வீடியோ கிடைக்கிறது. `ஆச்சி' என்று எழுதிப் பாருங்கள், தெரியும். `ஆ'வின் சுழியில் கை நின்றால் அங்கே க்ரீம் குவிந்துவிடும். `ச்'சின் புள்ளியை வைத்துவிட்டுப் பையைத் தூக்கினால் வால் முளைக்கும். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் எழுதுவதும் வழித்துப் பைக்குள் போடுவதுமாக மூன்று ராத்திரி பழகினார். அழுத்துவதை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் பையைத் தூக்கினால் வால் வராது என்பது இரண்டாவது ராத்திரிதான் பிடிபட்டது.

ராத்திரி என்று சொல்லக் காரணம் உண்டு. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் பகலில் க்ரீம் நிற்காது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். நம் ஊர் சமையலறையே மதியத்தில் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் வெண்ணெய் க்ரீமில் பூப்போடும் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்து, பூ வழிந்து, நமக்குக் கைவரவில்லை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் எத்தனை பேரோ! இங்கே பேக்கரிகளில் பெரும்பாலும் பயன்படுவது தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீம். உறைந்த நிலையில் கிடைப்பதை முந்தின நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கிவைத்து, பாத்திரத்தையும் பீட்டரையும் ஃப்ரீசரில் கால் மணி நேரம் வைத்து அடிக்க வேண்டும். அது நன்றாக நிற்கும். ஆனால், மேலண்ணத்தில் ஒட்டும். பால் க்ரீம் ருசி. ஆனால், நிற்காது, கூடுதலாக அடித்தால் திரிந்துவிடும். ``கடைஞ்சா வெண்ணெய் திரளும்னு நமக்குத் தெரியாதா, அதுக்கு ஒரு கிளாஸ் வேணுமா?'' என்று சித்தி சிரிக்கிறார். அவர் வீட்டில் ஏசி இருப்பது படுக்கையறையில் மட்டும். எனவே, பீட்டரும் சுழல்மேடையும் கட்டிலுக்குப் பக்கத்தில் போயின. சித்தப்பா ஹாலில் படுத்துக்கொண்டார்.

அலங்காரத்துக்கு வாசலில் பூத்த செவ்வரளியைப் பறித்து வைக்கலாமே என்று யாரோ யோசனை சொன்னபோது, அலறித் தடுத்தது ஆச்சிதான். அரளி விஷம். அழகான பூவெல்லாம் கேக்குக்கு ஆகாது என்பதைப் புதிதாகப் பழகுகிறவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். பூக்கடை ரோஜாவும் சாப்பிடுவதற்காக வளர்த்ததல்ல, பூச்சிமருந்து பட்டிருக்கும்.

கடைசியில் வெள்ளை க்ரீம், ஓரத்தில் நட்சத்திர நாசிலில் சின்னச் சின்னப் பூ, நடுவில் `ஆச்சி'. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது. ஆச்சி கத்தியை வாங்கவே இல்லை. ``எம் பேரை எழுதிட்டு அதை என்னையவே வெட்டச் சொல்லுதியே'' என்றார். ஓரத்தில் மட்டும் வெட்டி, பெயரிருந்த துண்டை மறுநாள் வரை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள்.

அந்த விழாவுக்கு வந்திருந்த சித்தப்பாவின் நண்பர்தான் அந்தக் கேள்வியை முதலில் கேட்டது.

பதில் சொல்ல நேரமில்லாமல் போயிற்று. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை நினைவிருக்கும். பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். சித்தி வீட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ஆச்சியை மாடி வீட்டுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, தரையோரம் சின்ன ஸ்டூலில் இருந்த ஓடிஜி மூழ்கியிருந்தது. வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை. நோட்டு மட்டும் பரணில் இருந்ததால் தப்பியது.

வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி, ஃப்ரிட்ஜுக்கும் மெத்தைக்கும் செலவு செய்த பிறகு ஓடிஜி என்ற பேச்சையே சித்தி எடுக்கவில்லை. பிப்ரவரியில் ஒருநாள் எனக்கு ஒரு போட்டோ வந்தது. அதே பழைய குக்கர், அடியில் உப்பு. அடுத்த எட்டு மாதம் அதிலேயேதான். அப்போதுதான் கை தேறியது என்று நான் நினைக்கிறேன். வெப்பம் காட்டும் முள் இல்லை, நேரம் சொல்லும் மணி இல்லை. வாசனையை வைத்தே வெந்துவிட்டதா என்று சொல்லப் பழகிவிட்டார்.

கூலி எங்கே?

2024 தீபாவளிக்குப் பிறகு மறுபடி ஓடிஜி. 2025 பிப்ரவரியில் முதல் ஆர்டர், அடுத்த தெருக் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரு கிலோ சாக்லேட் கேக். 600 ரூபாய் என்று சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டு வந்து நோட்டில் கணக்கு எழுதினார். மைதா, சர்க்கரை, கோகோ, க்ரீம், அட்டை, பெட்டி, கரன்ட் எல்லாம் சேர்த்து 340 ரூபாய். 260 ரூபாய் லாபம் என்று காட்டியபோது சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ``எல்லாம் எழுதியிருக்க. ஒன் கூலி எங்க?''

வேகவைத்தது, ஆறவிட்டது, பூசியது, பாத்திரம் கழுவியது என்று ஆறு மணி நேரம். மணிக்கு 43 ரூபாய் சொச்சம். வீட்டு வேலைக்குக் கணக்கு எழுதிப் பழக்கமில்லாததால், இதற்கும் அந்தக் கலத்தைப் போடத் தோன்றவில்லை. அடுத்த கேக்குக்கு 850 சொன்னார். கேட்டவர் `கடையிலயே இந்த விலைக்குக் கிடைக்குமே' என்று போய்விட்டார். சித்திக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை. ஆனாலும் விலையைக் குறைக்கவில்லை. சித்தி எடுத்த முடிவுகளிலேயே துணிச்சலானது இதுதான் என்பேன்.

இன்னொன்றிலும் கறார். அடர் சிவப்பு, அடர் நீலம் கேட்டால் `மாட்டேன்' என்பார். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான், அவற்றுக்கும் அளவு உண்டு. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது, ரோடமின்-பி என்ற துணிச்சாயம் அதில் இருந்ததால்தானே. குழந்தையின் நாக்கு நீலமாகிற கேக்கைத் தன் கையால் கொடுக்க மனசு வரவில்லை என்கிறார். வேண்டுமானால் இளம் ரோஸ், இளம் மஞ்சள்.

வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிறு அளவில் செய்கிறவர்களுக்கான அடிப்படைப் பதிவை ஆன்லைனிலேயே செய்துகொள்ளலாம். பதிவு முடிந்தால் 14 இலக்க எண் கிடைக்கும். சித்திக்கு விண்ணப்பித்துக் கொடுத்தது ஹாஸ்டலில் இருக்கும் மகள், போனிலிருந்தே.

இப்போது வாரத்துக்கு இரண்டு ஆர்டர், அதற்கு மேல் எடுப்பதில்லை. மூன்றாவது நாள் தனக்கு. அன்றைக்கு யாரும் கேட்காத கேக்கைச் செய்து பார்ப்பார். போன மாதம் முழுக்க அந்த நாள் தூத்துக்குடி மக்ரூனுக்குப் போனது. முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் நிதானமாகக் காயவைக்கும் ஊர்ப் பலகாரம். கடையில் வாங்கிவந்த மக்ரூனை கேக் ஓரத்தில் கோட்டைச் சுவர் மாதிரி அடுக்க வேண்டும் என்பது ஆசை. முதல் தடவை, க்ரீமின் ஈரத்தை உறிஞ்சி ஒரு மணி நேரத்தில் எல்லாம் நமுத்துப்போயின. இரண்டாம் தடவை, மக்ரூனின் அடியை உருக்கிய சாக்லேட்டில் தோய்த்து ஆறவிட்டு வைத்தார். மூன்று மணி நேரம் தாங்கியது.

முட்டை இருப்பதால் ஆச்சிக்கு அதில் பங்கில்லை. ``எனக்கு வெறுங்கேக்கு போதும்'' என்று சொல்லிவிட்டு, மேலே மக்ரூன் எத்தனை நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாராம். இருபத்து மூன்று.