ஸ்ட்ரோலர்: புதுசா, பழசா?

வீட்டில் ஒருத்தர் இன்ஜினியரிங் படிக்கிறார் என்றால், சொந்தக்காரங்க எல்லாருக்கும் அவர்தான் இலவச கன்சல்டன்ட். மிக்ஸி சுத்தலைன்னாலும் நம்மகிட்டதான் கேட்பாங்க, எந்த போன் வாங்கலாம்னாலும் நம்மகிட்டதான். அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்துட்டா, அடுத்து வர்ற கேள்வி இது: "ஸ்ட்ரோலர் வாங்கணும்டா. கடையில ஒன்பதாயிரம் சொல்றாங்க. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தங்க மூவாயிரத்து ஐந்நூறுக்குத் தர்றேன்னு போட்டிருக்காங்க. எதை எடுக்கலாம்?"

"புதுசே வாங்கிடு" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் நாம் படிக்கிற பாடங்களை வைத்தே பதில் சொல்லக்கூடிய கேள்வி இது. மெக்கானிக்ஸ், மெட்டீரியல்ஸ், கொஞ்சம் எகனாமிக்ஸ், அவ்வளவுதான். பதிலை முதலிலேயே சொல்லிடுறேன். ஸ்ட்ரோலரைப் பழசாக வாங்குவதில் தப்பே இல்லை. அதில் தேய்கிற, உடைகிற பாகங்களைப் பெரும்பாலும் கண்ணாலும் கையாலும் சோதித்துவிட முடியும். ஆனால் அதோடு சேர்த்து விற்கப்படும் இன்னொரு பொருளை அப்படிச் சோதிக்க முடியாது. அதை மட்டும் பழசாக வாங்கக் கூடாது. அது என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

"முதல் குழந்தைக்குப் போய் பழசா?"

வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படிக் கேட்கத்தான் செய்வாங்க. ஆனால் நம்ம ஊரில் குழந்தை முதலில் தூங்குவதே பழைய பொருளில்தான். தூளி கட்ட யாரும் கடைக்குப் போய் புதுப் புடவை வாங்குவதில்லை. பாட்டியின் பழைய நூல் புடவையைத்தான் தேடுவாங்க. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணிதான் குழந்தை உடம்பை உறுத்தாது என்று அவங்களுக்குத் தெரியும். அதே நேரம், கட்டுவதற்கு முன்னால் புடவையை விரித்து, எங்கேயாவது நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாங்க. தொட்டில் கம்பியை ஒருமுறை தொங்கிப் பார்ப்பாங்க. ஸ்ட்ரோலருக்கும் இதே முறைதான்: பழசு பரவாயில்லை, சோதிக்காத பழசுதான் ஆபத்து.

பணக் கணக்கு

விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். வாங்கும் விலையிலிருந்து, திரும்ப விற்றால் கிடைப்பதைக் கழித்து, எத்தனை நாள் பயன்படுத்துவோமோ அதால் வகுக்க வேண்டும்.

மேலே சொன்ன விலைகளையே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். புதுசு 9,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து 3,500-க்கு விற்றால் நிகரச் செலவு 5,500. பழசு 3,500 ரூபாய். சக்கரம், துணி என்று 500 செலவு பண்ணி, பிறகு 2,000-க்கு விற்றால் நிகரச் செலவு 2,000. மொத்தம் 100 நாள் வெளியே எடுத்துப் போனால் புதுசு ஒரு நாளைக்கு 55 ரூபாய், பழசு 20 ரூபாய். வெறும் 20 நாள்தான் எடுத்தோம் என்றால் புதுசு 275, பழசு 100.

இங்கே இன்னொரு விஷயம் தெரியும். நாள் எண்ணிக்கை குறைந்தால் இரண்டுமே நஷ்டம்தான். குழந்தை ஓரளவு உட்காரும் வயதிலிருந்து, "நானே நடக்கிறேன்" என்று இறங்கி ஓடும் வயது வரைதான் ஸ்ட்ரோலருக்கு முழு வேலை. அந்தக் காலத்தில் அது எங்கே ஓடப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது, போக வர ஆட்டோதான் என்றால், குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணி கேரியர் போதும். ஸ்ட்ரோலர் பால்கனியில் துணி காயப்போடத்தான் உதவும்.

நம்ம தெருவுக்கு எந்தச் சக்கரம்?

முதல் வருஷம் மெக்கானிக்ஸில் ரோலரைக் கல் மேல் ஏற்றுகிற கணக்கு போட்டிருப்போம். அதை இங்கே போட்டுப் பாருங்க. தெருவில் 3 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரோலர் முன்சக்கரத்தின் விட்டம் 15 சென்டிமீட்டர், அதாவது ஆரம் 7.5. கிடைமட்டமாகத் தள்ளி அதை ஏற்ற வேண்டுமானால், அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரத்தைப் போல 1.33 மடங்கு விசை வேண்டும். விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால் 0.75 மடங்கு போதும். சக்கரத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் தள்ளும் விசை கிட்டத்தட்ட பாதிக்கு இறங்குகிறது.

சின்னச் சக்கர மாடல் மால் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். கடையிலும் அப்படித்தான் தள்ளிக் காட்டுவாங்க. நம்ம தெருவில் அதே வண்டி ஒவ்வொரு கல்லிலும் முட்டி நிற்கும், குழந்தை முன்னால் குலுங்கும். அதனால் புதுசோ பழசோ, வாங்குவதற்கு முன்னால் வெளியே ரோட்டில் பத்தடி தள்ளிப் பாருங்க. பழசில் இது இன்னும் சுலபம். விற்கிறவர் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம், கடைக்காரர் சில நேரம் வெளியே எடுக்க விடமாட்டார்.

மடிக்கிற இடம்

இன்று நாம் பார்க்கிற குடை மாதிரி மடியும் ஸ்ட்ரோலரை 1965-ல் வடிவமைத்தவர் ஓவன் மெக்லாரன். அவர் ஒரு ஏரோநாட்டிக்கல் இன்ஜினியர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் லேண்டிங் கியர் வடிவமைப்பில் வேலை செய்தவர். மடியும் கால், எடை குறைந்த அலுமினியக் குழாய் என்று அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்தார். அதுவரை பெரிய இரும்புத் தொட்டிலுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்த வண்டி, சுமார் 3 கிலோவுக்கு இறங்கியது.

ஆனால் மடிகிற வசதிக்கு ஒரு விலை உண்டு. எங்கே மூட்டு இருக்கிறதோ அங்கேதான் தேய்மானம். விரல் நசுங்குவதும் அங்கேதான். 2009 நவம்பரில், அவர் பெயரைத் தாங்கிய மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்கு ரீகால் அறிவித்தது. விரிக்கும்போது மூட்டில் குழந்தையின் விரல் சிக்கி, நுனி துண்டான சம்பவங்கள் பதிவாகியிருந்தன. மூட்டை மூட ஒரு உறை இலவசமாகக் கொடுத்தார்கள். 2014-ல் கிரேக்கோ நிறுவனமும் இதே மாதிரி மூட்டுப் பிரச்சினைக்காக அமெரிக்காவில் சுமார் 47 லட்சம் ஸ்ட்ரோலர்களுக்கு ரீகால் அறிவித்தது.

பழசு வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ரீகால் ஆன வண்டி ஊரைவிட்டு மறைந்துவிடாது. உறை மாட்டாமலேயே கை மாறிக்கொண்டிருக்கலாம், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்ததாகக்கூட இருக்கலாம். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து, ரீகால் என்ற சொல்லோடு சேர்த்து நெட்டில் தேடுங்க. ஸ்டிக்கரே இல்லையென்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்க.

அடுத்து கையால் சோதனை. பத்து தடவை மடித்து விரியுங்க. ஒவ்வொரு தடவையும் லாக் 'டக்' என்று விழ வேண்டும். விழுந்த பிறகு கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்க. மூட்டில் ஆட்டம் தெரிந்தாலோ, ஒரு தடவையாவது லாக் விழாமல் விட்டாலோ வாங்காதீங்க. குழந்தை உட்கார்ந்திருக்கும்போது வண்டி தானாக மடிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பாகங்களில் ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாகக் கோடு ஓடுகிறதா என்றும் பாருங்க. அந்த இடம் தாங்கும் அளவுக்கு மேல் வளைந்திருக்கிறது என்று அர்த்தம், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் நிறம் வெளுத்து, தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். அதுவும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். குழாயின் திறந்த முனையில் போன் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிரேக்

வீல்சேர் ராம்ப் பார்த்திருப்பீங்க. 12 அடி நீளத்துக்கு ஒரு அடி ஏறும் சாதாரணச் சரிவு. அதில் பிரேக் பிடிக்காத ஸ்ட்ரோலரை விட்டால், உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், முடுக்கம் சுமார் 0.8 மீட்டர்/வினாடி². மூன்று வினாடியில் மூன்றரை மீட்டர் தாண்டி உருண்டிருக்கும், ஐந்து வினாடியில் 10 மீட்டர். போனை எடுத்து யார் கூப்பிடுறாங்கன்னு பார்க்கிற நேரம்தான் அது.

2009 அக்டோபரில் மெல்போர்ன் நகரின் ஆஷ்பர்டன் ரயில் நிலையத்தில் இது நடந்தது. தாய் ஒரு நொடி கையை எடுக்க, பிளாட்ஃபாரத்தின் லேசான சரிவில் வண்டி உருண்டு தண்டவாளத்தில் விழுந்து, வந்துகொண்டிருந்த ரயில் மோதியது. குழந்தை சின்னக் காயத்தோடு பிழைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

சோதனை சுலபம். பத்து கிலோ அரிசி மூட்டையை சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, பார்க்கிங் ராம்பில் பிரேக் போட்டு நிறுத்துங்க. ஒரு நிமிஷம் நகராமல் நிற்க வேண்டும். பிறகு வண்டியைத் திருப்பி எதிர்ப் பக்கமாகவும் நிறுத்திப் பாருங்க. இரண்டு பின்சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும்.

மூட்டை இறக்குவதற்கு முன் இன்னொன்று. கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டுவது எல்லாரும் செய்கிற வேலை. வண்டி எடை 6 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் பின்சக்கர அச்சுக்கு 25 சென்டிமீட்டர் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். 6 × 25 = 150. பை 5 கிலோ, கைப்பிடி அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால். 5 × 30 = 150. குழந்தை உட்கார்ந்திருக்கும் வரை வண்டி நிற்கும். தூக்கிய உடனே தராசு சமமாகிவிடும், கொஞ்சம் தட்டினால் பின்னால் சாயும். ஏற்றும்போதும் இதே கதைதான். எடை குறைந்த மாடல் என்றால் இன்னும் சீக்கிரம் சாயும். அதனால் சீட்டுக்குக் கீழே பை வைக்கும் கூடை கிழியாமல் இருக்கிற வண்டியாகப் பாருங்க.

பெல்ட்டும் துணியும்

இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் இருக்க வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால் குழந்தை கீழே நழுவிவிடும், இல்லையென்றால் எழுந்து நின்றுவிடும். பக்கிளை மாட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்க. பெல்ட் ஓரம் பிசிறியிருந்தால் புது பெல்ட் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்க. துணியைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். மழைக்காலம் முழுக்க மாடிப்படிக்கு அடியில் கிடந்த வண்டியில் பூஞ்சை வாசனை வரும். ஃபோமுக்குள் இறங்கிய பூஞ்சை துவைத்தாலும் முழுசாகப் போகாது.

தலை நிற்காத கைக்குழந்தைக்கு என்றால், முதுகு முழுசாகப் படுக்கிற சீட்தான் வேண்டும். குடை மாதிரி மடிகிற பல மாடல்களில் அந்த வசதி இல்லை. விலை மலிவு என்று எடுத்துவிட்டு ஆறு மாசம் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

பழசாக வாங்கக் கூடாதது

சில ஸ்ட்ரோலர்கள் கார் சீட்டோடு ஒரே செட்டாக வரும். பழசாக விற்கிறவர் இரண்டையும் சேர்த்தே தருவார், கேட்க லாபமாக இருக்கும். ஸ்ட்ரோலரை எடுங்க, கார் சீட்டை விட்டுவிடுங்க.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்? உள்ளே இருக்கும் ஃபோம் ஒருமுறை நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. அடுத்த அடியை அது அதே மாதிரி தாங்காது, மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் சரி. கார் சீட்டும் அப்படியே. அந்தச் சீட் ஒரு விபத்தைப் பார்த்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கூடவே, பல கார் சீட்களில் காலாவதி ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள். அதன் முழுக் கதையும் தெரிந்த நெருங்கிய சொந்தக்காரர் கொடுத்தால் யோசிக்கலாம். முன்பின் தெரியாதவரிடம் என்றால் வேண்டவே வேண்டாம்.

ஆக, அக்காவுக்கு என்ன சொல்வது?

வாரத்துக்கு ஒருமுறைகூட வெளியே எடுக்க மாட்டோம் என்றால் எதையும் வாங்க வேண்டாம். எடுப்போம், நேரில் போய் அரை மணி நேரம் சோதிக்க முடியும் என்றால் பழசு. நேரில் பார்க்க முடியாமல் போட்டோ பார்த்து வாங்கவேண்டிய நிலைமை என்றால், கொஞ்சம் மலிவான மாடலாக இருந்தாலும் பில்லும் வாரன்ட்டியும் உள்ள புதுசு. பழசைப் பார்க்கப் போகும்போது அரிசி மூட்டை, போன் டார்ச் இரண்டும் கையில் இருக்கட்டும். விற்கிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்க: எந்த வருஷம் வாங்கினீங்க, எத்தனை குழந்தை இதில் உட்கார்ந்தாங்க, இதுவரை என்ன ரிப்பேர் பண்ணினீங்க. நேராகப் பதில் சொல்கிறவரிடம் தைரியமாக விலை பேசலாம். மிச்சமாகும் பணத்தில் புது கார் சீட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லுங்க.