கொழுந்தும் குருதிக்குழாயும்: நீரிழிவு இதயத்தைத் தாக்கும் வழி

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அச்சரிவுகளில் கொழுந்து பறித்தும் ஆலையில் உழைத்தும் வாழ்ந்தோருள் தமிழ்க் குடும்பங்கள் பல. அம்மலையின் ஆலைகளில் நாள்தோறும் நிகழும் வேதிவினை ஒன்றைத் துணைக்கொண்டு, மலேசியத் தமிழரைப் பெரிதும் வாட்டும் நோய் ஒன்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் அளவை முதலில் நோக்குவோம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே இவ்விகிதம் 31.4 விழுக்காடு. நாட்டின் நீரிழிவாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். நீரிழிவாளரின் உயிரைப் பெரிதும் பறிப்பவை இதயநோயும் குருதிக்குழாய் நோய்களுமே. இனிப்புநீர் என்று நாம் எளிதாகச் சொல்லும் நோய் இதயத்தை எட்டுவது எவ்வாறு?

ஆலையில் நிகழ்வது

பறித்த கொழுந்தை வாட்டிய பின் உருட்டுவர். உருட்டும்போது இலையின் உயிரணுக்கள் நசுங்க, அதுவரை பிரிந்திருந்த கேட்டிகின்களும் நொதிகளும் ஒன்று கலக்கின்றன. காற்றிலுள்ள உயிர்வளி அவற்றோடு வினைபுரிய, பச்சை இலை செம்பு நிறம் அடைகிறது. இதனை நொதித்தல் என்று வழங்குவதுண்டு. எனினும் இவ்வினைக்கு நுண்ணுயிர்கள் தேவையில்லை. இதற்குரிய பெயர் உயிர்வளியேற்றம். தமிழகப் பாடநூல்கள் ஆக்சிஜனேற்றம் என்றும், இலங்கை நூல்கள் ஒட்சியேற்றம் என்றும் கூறுவது இதனையே. வேண்டிய நிறமும் மணமும் வந்ததும் வெப்பக் காற்றைச் செலுத்தி நொதிகளைச் செயலிழக்கச் செய்வர், வினை நின்றுவிடும்.

உடலில் நிகழ்வது

நம் உயிரணுக்களும் உயிர்வளியைக் கொண்டே உணவிலிருந்து ஆற்றலைப் பெறுகின்றன. இவ்வேலை இழைமணி எனப்படும் நுண்ணுறுப்பில் நடைபெறுகிறது. அங்கே எதிர்மின்னிகள் படிப்படியாகக் கைமாறி, இறுதியில் உயிர்வளியைச் சேர்ந்து நீராகின்றன. இடைவழியில் ஒருசில எதிர்மின்னிகள் கசிந்து உயிர்வளியோடு சேர்ந்து, சூப்பராக்சைடு என்னும் வினைமிக்க பொருளை உண்டாக்கும். நலமுள்ள உடல் இதனைத் தன் நொதிகளால் அவ்வப்போதே அடக்கிவிடும். உற்பத்தி பெருகி, அடக்கும் ஆற்றலை மிஞ்சும் நிலையே உயிர்வளியேற்ற அழுத்தம்.

தசையணுக்கள் குளுக்கோசை உள்ளே விடும் வாயிலை இன்சுலினைக் கொண்டு பெருமளவில் கட்டுப்படுத்துகின்றன. குருதிக்குழாயின் உட்சுவர் அணுக்களுக்கு அவ்வசதி இல்லை; குருதியில் குளுக்கோசு ஏறினால் அவற்றுள்ளும் ஏறும். அளவுக்கு மீறிய எரிபொருளால் இழைமணி திணறி, மிகுதியான சூப்பராக்சைடை வெளியிடுகிறது. நீரிழிவின் பல்வேறு பாதிப்புகளுக்கு இதுவே பொது வேராகலாம் என்னும் கருத்தை அமெரிக்க அறிவியலாளர் மைக்கேல் பிரௌன்லி 2001ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தார்.

இதன் விளைவுகள் மூன்றைக் குறிப்போம். முதலாவது, குருதிக்குழாயைத் தளர்த்தி விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடைச் சூப்பராக்சைடு அழிக்கிறது, குழாய் இறுகுகிறது. இரண்டாவது, குருதியிலுள்ள தீய கொழுப்புத் துகள்கள் உயிர்வளியேற்றம் அடைகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிறைந்து உப்பி, குழாய்ச் சுவரிலேயே தங்கிப் படிவாகின்றன. அப்படிவு வெடித்தால் குருதி உறைந்து மாரடைப்பு வரும். மூன்றாவது, இதயத் தசையே விறைத்து வலுவிழக்கலாம். குழாயில் அடைப்பின்றியும் நீரிழிவாளரின் இதயம் தளரக் கூடும் என்பது 1972ஆம் ஆண்டு முதல் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது.

மாத்திரை தடுக்குமா?

உயிர்வளியேற்றமே தீங்கு என்றால், அதனைத் தடுக்கும் வைட்டமினை விழுங்கலாமே என்று தோன்றுவது இயல்பு. அறிவியலாளரும் அவ்வாறே எண்ணிச் சோதித்தனர். 2000ஆம் ஆண்டில் முடிவு வெளியான ‘ஹோப்’ ஆய்வில் 9,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். வைட்டமின் ஈ அவர்களுள் மாரடைப்பையோ இதயநோய் இறப்பையோ குறைக்கவில்லை. அதே ஆய்வில் ராமிப்ரில் என்னும் மருந்து குறைத்தது. 2002ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வு 20,536 பேரை உட்கொண்டது. அதிலும் வைட்டமின்கள் பயன் தரவில்லை. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் பயன் தந்தது.

சூப்பராக்சைடு தோன்றிய இடத்திலேயே கணப்பொழுதில் வினைபுரிந்துவிடுகிறது. விழுங்கிய வைட்டமின் அவ்விடத்தை வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் எட்டுவது அரிது என்பது இத்தோல்விக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஆகவே, பெருகும் இடத்திலேயே அதன் பெருக்கத்தைக் குறைப்பதே வழி.

கோப்பையில் உள்ளது

தேயிலையில் உயிர்வளியேற்றத்தை எதிர்க்கும் பொருள்கள் உள்ளமையால் தேநீரே இதயத்துக்கு மருந்து என்பாரும் உளர். சீனியற்ற தேநீர் நல்ல பானமே. ஆயினும் அது மருந்தின் இடத்தைப் பெறாது. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 4 கிராம். இரண்டு கரண்டி இட்ட தேநீரை நாளுக்கு மூன்று முறை பருகினால் 24 கிராம் ஆகிறது. உலகச் சுகாதார அமைப்பு 2015ஆம் ஆண்டில் பரிந்துரைத்த குறைந்த வரம்பு, ஒரு நாளின் உணவு முழுவதற்கும் ஏறத்தாழ 25 கிராம். இனிப்புக் கெட்டிப்பாலும் சேர்ந்தால் கோப்பையே வரம்பைத் தாண்டிவிடும்.

செய்யத்தக்கவை

குருதிச் சீனி, குருதி அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றையும் மருத்துவர் சொன்ன எல்லைக்குள் வைத்தல் வேண்டும். புகைத்தலை அறவே விடுதல் வேண்டும். புகையும் உயிர்வளியேற்ற அழுத்தத்தைப் பெருக்குவது. காலம் தாழ்த்தலாகாது. பிரிட்டனில் நெடுங்காலம் நடந்த நீரிழிவு ஆய்வொன்று, தொடக்கத்திலேயே சீனியைக் கட்டுப்படுத்தியவர்க்குப் பத்தாண்டுகள் கழித்தும் மாரடைப்பு குறைவாக இருந்ததை 2008ஆம் ஆண்டில் காட்டியது.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. நீரிழிவு நரம்புகளையும் தாக்குவதால், மாரடைப்பின்போது நெஞ்சுவலி தோன்றாமலே போகலாம். திடீர் மூச்சுத்திணறல், காரணமற்ற வியர்வை, மிகுந்த சோர்வு ஆகியவற்றை மேட்டில் ஏறிய களைப்பு என்று தோட்டத்தில் வாழ்வோர் தள்ளிவிடலாகாது. உடனே மருத்துவமனையை நாட வேண்டும். ஆலையில் வினையை நிறுத்தும் நேரத்தைத் தொழிலாளி நிறத்தாலும் மணத்தாலும் அறிகிறார். உடலில் நிகழ்வதற்கு அத்தகைய அடையாளம் இல்லை. குருதிப் பரிசோதனை ஒன்றே அதனைக் காலத்தில் அறிவிக்கும்.