கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவரும் நோயாளியும்

நம் கிராமத்தார் ஒரு மருத்துவரைப் புகழும்பொழுது, "கைராசிக்காரர்" என்பர். நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லி, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசுபவரிடமே அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கிறது. 2020-ஆம் ஆண்டில் பரவிய கொரோனா, இந்தத் தொடுதலையே அஞ்சத்தக்கதாக்கிவிட்டது.

இருமும்போதும் பேசும்போதும் வெளிப்படும் நுண்துளிகளால் பரவும் அந்நோய், அறிகுறி தோன்றுமுன்பே பிறருக்குத் தொற்ற வல்லது. ஆகவே மருத்துவர் தம்மிடம் வரும் ஒவ்வொருவரையும் ஐயுற வேண்டியதாயிற்று. நோயாளிக்கோ மருத்துவமனையே நோய் பிடிக்கும் இடமாகத் தோன்றிற்று. முகக்கவசமும் உடல் முழுவதையும் மூடிய காப்புடையும் இருவருக்கும் இடையே திரையாக நின்றன. உற்றார் உடனிருக்க இயலாத வார்டில், அருகில் வந்தவர் மருத்துவரா, செவிலியரா என்றுகூட நோயாளியால் அறிய முடியவில்லை.

அச்சம் முற்றினால் நன்றி மறந்துபோகும். 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. அடக்கம் செய்தால் நோய் பரவும் என்பது அவர்கள் அச்சம். உரிய முறையில் மூடிப் புதைத்த உடலால் ஊருக்குத் தீங்கில்லை என்பதை அவர்களுக்கு முன்கூட்டி எடுத்துரைப்பார் இல்லை. அதே மாதம் தமிழக அரசு, இவ்வாறு தடுப்போருக்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் பிறப்பித்தது. மத்திய அரசும் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு வரையும், கொடுங்காயம் விளைப்போருக்கு 7 ஆண்டு வரையும் சிறை விதித்தது.

ஓசையின்றி நேர்ந்த தீங்கு வேறொன்று. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உடையோர் பலர், அச்சத்தாலும் பஸ் இன்மையாலும் மருந்தை நிறுத்தினர். தொலைபேசி வழியே ஆலோசனை கூறுவதற்கு 2020 மார்ச்சில் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. பழைய நோயாளிக்கு மருந்தைத் தொடரச் சொல்ல இது உதவிற்று; வீங்கிய காலை அழுத்திப் பார்க்கத் தொலைபேசியால் ஆகாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், அம்மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து, அறுந்த தொடர்பை மீண்டும் இணைத்தது.

சட்டம் தாக்குதலைத் தண்டிக்கும். நம்பிக்கையை உண்டாக்குவது ஊராரின் பொறுப்பு. இதற்கு ஊராட்சி உறுப்பினர்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கிராம சபைக்கு அழைத்து, மக்களுடன் பேசச் செய்யலாம். நாள்தோறும் மருந்து உண்போரின் பெயர்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் விடுபடாமல் இருக்கின்றனவா என விசாரிக்கலாம். தொற்றால் இறந்தோரை எங்கே, எவ்வாறு அடக்கம் செய்வது என்பதை ஊர் கூடி முன்பே முடிவு செய்யலாம். வெள்ளம் வருமுன் அணை போடுவதை உழவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நோயற்ற நாளில் மருத்துவரை அறிந்த ஊர், நோய் வந்த நாளில் அவர்மீது கல்லெறியாது.