ஒரு பெயர், பல நோய்

அட்டன் பஸ் நிலையத்தில் ஒரு மாலை மழைக்கு ஒதுங்கி நின்றேன். பழைய மாணவி ஒருத்தி வந்து வணங்கினாள். அவள் தாயார் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கொழுந்து பறித்தவர்.

“ஐயா, அம்மாவைக் கொழும்பிலே வைத்திருக்கிறோம். சூலகப் புற்றாம். கர்ப்பப்பைச் சோதனையில் ஒன்றுமில்லை என்றார்களே, பிறகு இது எப்படி வந்தது?” என்றாள்.

வினாவின் ஒரு பாதி, சொல்மயக்கத்தாற் பிறந்தது. சூல் என்பது பழந்தமிழ்ச் சொல். நீர் சுமந்த முகிலுக்கும் கதிரை உள்ளடக்கிய நெற்பயிருக்கும் புலவர் அதனை வழங்கினர். சூலகம் முட்டைகள் உறையும் இடம். கருப்பை பிள்ளை வளரும் இடம். பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றோம். இலங்கையில் 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தைச் சோதிக்கின்றனர். அது தவறாது செய்யவேண்டியதே. ஆனால் சூலகத்தைப்பற்றி அது ஒன்றுங் கூறாது. நோய்க்குறி தோன்றாத பெண்கள் அனைவருக்கும் செய்யத்தக்க சூலகப் புற்றுச் சோதனை இன்னும் அமையவில்லை.

மற்றைப் பாதிக்கு விடை, சூலகப் புற்று ஒரு நோயன்று என்பதே. பெரிதுங் காணப்படுவது சீரசு வகை. அதிற் பல, சூலகத்தை அடுத்துள்ள கருக்குழாயின் நுனியிலே தொடங்குகின்றன என்பர். 1994, 1995 ஆம் ஆண்டுகளில் அறியப்பட்ட இரு மரபணுக்களின் பழுது இவ்வகைக்குப் பெருங்காரணம். அப்பழுது மார்புப் புற்றுக்கும் காரணமாகும். தாய்வழியாலும் தந்தைவழியாலும் வரும். கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் புறத்தே வளர்ந்து, மாதந்தோறும் கடுநோவு தருவதுண்டு. அத்தகையோர்க்கு வேறிரு வகைகள் நேரும் வாய்ப்பு மிகுதி. சளிபோன்ற நீர் சுரக்கும் வகைக்குப் புகைபிடித்தல் துணையாகும். முட்டைக்கலத்தில் எழும் வகை இளம்பெண்களை நாடும். அது பெரும்பாலும் குணமாகக்கூடியது.

முட்டை வெளிப்படுந்தோறும் சூலகத்தின் மேற்பரப்புப் புண்பட்டு ஆறுகின்றது. இடையறாத அந்நிகழ்ச்சி தீங்குக்கு வழியாகலாம் என 1971 இல் எகிப்திய வைத்தியர் மஹ்மூத் ஃபத்தல்லா எழுதினார். பிள்ளைப்பேறும் பாலூட்டலும் கருத்தடை மாத்திரையும் ஆபத்தைக் குறைப்பது இதனோடு பொருந்துகின்றது. ஆயினும் ‘குறையும்’ என்பது ‘வாராது’ என்பதன்று. என் மாணவியின் தாயார் நால்வரைப் பெற்றுப் பாலூட்டியவர்.

ஐம்பதைக் கடந்தோர்க்கே இந்நோய் மிகுதி. வயிறு பொருமுதல், சிறிது உண்டவுடன் நிறைதல், அடிவயிற்று நோவு, அடிக்கடி சிறுநீர் கழித்தல் என்பன அதன் குறிகள். இவற்றை வாயு என்று ஒதுக்கி, வைத்தியரிடம் போனால் அரைப்பேர் ஆகிவிடுமென்று அஞ்சிக் கூடையைச் சுமந்து மலையேறுகின்றனர் நம் தாய்மார். இக்குறிகள் புதிதாகத் தோன்றிச் சில வாரம் விடாது தொடருமாயின், அரைப்பேரைப் பொருட்படுத்தலாகாது.

“உன் அம்மாவுக்கு எந்த வகை?” என்று கேட்டேன்.

“சீரசு என்று எழுதியிருக்கிறது ஐயா.”

“தாய்வழியில் வேறு யாருக்கேனும்?”

“பெரியம்மா மார்பிலே கட்டி வந்துதான் இறந்தார்.”

“வைத்தியரிடம் சொன்னீர்களா?”

“அது வேறு நோய்தானே என்று இருந்துவிட்டோம்.”

பெயர் ஒன்றாயிருந்தும் நோய் வேறாகும். பெயர் வேறாயிருந்தும் வேர் ஒன்றாகும். மறுநாளே சென்று சொல்லும்படியும், தனக்கும் தங்கையர்க்கும் மரபணுச் சோதனை வேண்டுமா என்று கேட்கும்படியும் சொன்னேன். பஸ் வந்தது. ஏறி அமர்ந்தவள், பெரியம்மாவின் பெயரையும் இறந்த ஆண்டையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டிருந்தாள்.