மெதுவாகிப்போன மடிக்கணினி

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கணினி விஷயத்திலும் இம்முதுமொழி எத்துணைப் பொருத்தமானது என்பதை அண்மையில் நாங்கள் நேரில் உணர்ந்தோம்.

2019 ஆம் ஆண்டில் வாங்கிய மடிக்கணினி ஒன்று எங்கள் இல்லத்தில் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் நாளுடன் முடிவுற்றது. ஆகவே, பாதுகாப்பைக் கருதி விண்டோஸ் 11-க்கு மாறினோம். மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தினால், திரை தெளிய எட்டு நிமிடங்கள் ஆயின. ஓர் எழுத்தைத் தட்டினால் அது தோன்றுவதற்குள் பெருமூச்சு விட வேண்டியிருந்தது. மகளோ கல்லூரி இறுதியாண்டு ஆய்வறிக்கையை ஐந்து நாட்களில் ஒப்படைக்க வேண்டும்!

பதற்றத்துடன் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றோம். "ஃபார்மட் செய்துவிடலாம், இல்லையேல் புதிது வாங்குங்கள்" என்றனர். புதிது வாங்கக் கையில் பணம் இல்லை. ஃபார்மட் என்பதற்கோ நாங்கள் தலையசைக்கும் தறுவாயில் இருந்தோம். நல்லவேளையாக, கணினித் துறையில் பணியாற்றும் அண்டை வீட்டு இளைஞர் அதனைக் கேள்வியுற்று, "ஐயா, அறிக்கைக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்று வினவினார். எடுக்கவில்லை. அறிக்கை மட்டுமா? மறைந்த பாட்டியாரின் புகைப்படங்கள் அனைத்தும் அதில்தான் இருந்தன. ஃபார்மட் செய்திருந்தால் யாவும் அழிந்திருக்கும்.

அவர் முதலில் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதி எடுக்கச் செய்தார். பின்னர் கற்பித்தவற்றை வாசகர்களின் நலன் கருதி இங்கே தருகிறோம்.

பொறுத்திருங்கள்

புதிய இயங்குதளம் ஏறியவுடன் கணினி ஓய்வாக இருப்பதில்லை. கோப்புகளுக்கு மீண்டும் அட்டவணை தயாரிக்கும். எஞ்சிய புதுப்பிப்புகளை இறக்கும். வைரஸ் சோதனையும் நடத்தும். ஓரிரு நாட்கள் சார்ஜரில் இணைத்து, இணையத் தொடர்புடன் இயங்க விட்டால் இவ்வேலைகள் முடிவடையும். அதன்பின் 'ரீஸ்டார்ட்' செய்ய வேண்டும். 'ஷட் டவுன்' என்பது பல கணினிகளில் முழு ஓய்வன்று. விரைவாகத் தொடங்கும் பொருட்டு அமைப்பின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும்.

நோயறிந்து மருந்திடுங்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்னும் பத்திகளுள் எது 100 விழுக்காட்டை நெருங்கி நிற்கிறதோ, அங்கேதான் நெருக்கடி. எங்கள் கணினியில் டிஸ்க் 100-லேயே நின்றது. அதே பலகையின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கணினி விழிக்கும்போதே தாமும் விழித்தெழும் நிரல்களைக் காணலாம். தேவையற்றவற்றை நிறுத்தி வைக்கலாம். வைரஸ் தடுப்பு நிரலை மட்டும் தொடலாகாது.

இடம் ஒழியுங்கள்

பழைய இயங்குதளம் ஒரு தனிக் கோப்புறையில் பல ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அது வீண் சுமையன்று. பொதுவாக 10 நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்ப விரும்புவோருக்கு அதுவே வழி. திரும்புவதில்லை என்று உறுதி செய்த பின்னரே அமைப்புகளில் உள்ள 'டெம்பரரி ஃபைல்ஸ்' பகுதி வழியாக நீக்குக. அப்பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்பதும் இருக்கும். அதில் குறியிட்டால் நாம் இறக்கி வைத்தவை யாவும் மறையும், எச்சரிக்கை!

திரை நடுங்கினாலோ, ஒலி தடைப்பட்டாலோ, கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாதிரிக்குரிய புதிய டிரைவர்களைப் பெறுதல் நலம். "ஒரே நொடியில் வேகம்" என விளம்பரம் செய்யும் நிரல்களை நாட வேண்டா. அவற்றுட் சில நோயையே கொணரும்.

உறுப்பு மாற்றம்

விண்டோஸ் 11-க்குக் குறைந்த அளவு 4 ஜி.பி. நினைவகம் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் 8 இருந்தால்தான் மூச்சு விடும். சுழலும் தட்டுடைய பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்துவதே பெரும் மாற்றத்தைத் தரும். சில மாதிரிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்ட இயலாது. ஆதலால் பணம் கொடுக்குமுன் கேட்டறிக.

முதல் மூன்று வழிகளாலேயே எட்டு நிமிடம் மூன்றாகக் குறைந்தது. அறிக்கையும் உரிய நாளில் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, புதுக் கணினியின் விலையில் சிறு பகுதியைச் செலவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினோம். இப்போது ஒரு நிமிடத்திற்குள் விழித்துக்கொள்கிறது.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்துக் கணினியும் தளர்ந்துள்ளதா? கடைக்குப் புறப்படுமுன், உங்கள் குடும்பப் படங்களுக்கு இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கணினியை மீண்டும் வாங்கலாம். பாட்டியின் புன்னகையை எக்கடையில் வாங்குவது?