உங்களுக்குத் தெரியுமா? ரூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு!

2016 அக்டோபர் 21. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அன்று திணறடித்ததில் பெரும்பங்கு கண்காணிப்பு கேமராக்களுக்கும் வீட்டு ரூட்டர்களுக்கும்தான்!

அவற்றை வளைத்துப்போட்ட 'மிராய்' நச்சு நிரலின் கையிருப்பு, அறுபத்துச் சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள். 'அட்மின்-அட்மின்', 'ரூட்-12345' என்று தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பியவை. மிராயை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்கு இடையிலான போட்டாபோட்டியில் தொடங்கிய வேலையாம். நிரலை இணையத்தில் வெளியிட்டதும் அது கண்டவர் கைக்கும் போனது. மிராய் சாதனத்தின் தற்காலிக நினைவகத்தில்தான் தங்கும். அணைத்துப் போட்டால் போய்விடும். பழைய பாஸ்வேர்டே இருந்தால் சில நிமிடங்களில் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, எந்தப் பாஸ்வேர்டை மாற்றுவது? வைஃபை பாஸ்வேர்டு வேறு, 192.168.1.1 போன்ற முகவரியில் திறக்கும் ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான பாஸ்வேர்டு வேறு. பலரும் முதலாவதை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டையும் மாற்றுங்கள், வெளியிலிருந்து இயக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதி தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பின்பக்க ரீசெட் துளையில் குண்டூசியை விட்டு அழுத்தினால் எல்லாம் தொழிற்சாலையில் போட்டபடியே ஆகிவிடும். அதனால் ரிப்பேர்காரர் வந்துபோனால் பாஸ்வேர்டுகளை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டு விற்பதே சட்டவிரோதம்.